நிலமளப்பவன் பிழையை மறைக்கலாகாது

செம்பூர்,
மும்பை.

அன்புள்ள தம்பிக்கு,

தாராவியிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. மாதுங்காவில் நடந்த சர்வே பயிற்சியில் ஐந்து மூலை நிலம் ஒன்றைக் கோணமளக்கும் தியோடலைட் கொண்டு அளந்தபோது, உட்கோணங்களின் கூட்டுத்தொகை 540 பாகையாக இருக்க வேண்டிய இடத்தில் 539 பாகை 58 கலையே வந்ததென்றும், ஏதேனும் ஒரு கோணத்தில் இரண்டு கலையைக் கூட்டி எழுதிவிட்டால் கணக்குப் பொருந்திவிடும் என்று நண்பர் ஒருவர் யோசனை கூறினாரென்றும், அது தகுமா என்றும் கேட்டிருக்கிறாய். தகாது.

பிழையில்லாத அளவை மனிதன் எடுத்ததில்லை. ஆயினும் பிழைகள் அனைத்தும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவையல்ல. 20 பாகை செல்சியஸ் உஷ்ணத்தில் 30 மீட்டராகப் பிரமாணம் செய்யப்பட்ட எஃகு டேப், மும்பை வெயிலில் 45 பாகைக்குச் சூடேறினால் ஏறத்தாழ 8½ மில்லிமீட்டர் நீண்டுவிடும். ஒரு கிலோமீட்டர் அளப்பதற்குள் அது 28 சென்டிமீட்டருக்கு மேல் சேர்ந்துவிடும். இதற்கு நியதி உண்டு. ஆதலால் உஷ்ணமானியைப் பார்த்துக் கணக்கிட்டு நீக்கிவிடலாம். தியோடலைட்டின் பார்வைக்கோடு சற்றுச் சாய்ந்திருந்தால், வட்டத்தை இடப்புறம் ஒருமுறையும் வலப்புறம் ஒருமுறையும் வைத்து அளந்து சராசரி எடுக்கும்போது அப்பிழை தானே அற்றுப்போகும். இவற்றுக்கெல்லாம் பிறகும் எஞ்சுகிற சிறு பிசகையே கோணங்களுக்குப் பகிர்ந்தளிக்க நமக்கு அனுமதி உண்டு. 20 விகலை வரை காட்டும் கருவியால் ஐந்து கோணங்களை அளந்தால், 20-ஐ 5-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி, ஏறத்தாழ 45 விகலை வரை பொறுக்கலாம். உன் பிசகோ இரண்டு கலை, அதாவது 120 விகலை. கருவியை முளையின் நேர்மேலே நிறுத்தாததோ, வாசிப்பைத் தவறாகக் குறித்ததோ காரணமாகலாம். நூறு மீட்டர் தூரத்தில் இரண்டு கலை என்பது ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் விலகல். அதைப் பங்கிட்டு மூடுவது திருத்தமாகாது.

பிழையை எப்படி எதிர்கொள்வது என்பதற்கு நில அளவையாளர் வில்லியம் லாம்டனை நீ அறிந்துகொள்ள வேண்டும். 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலையருகே ஏறத்தாழ 7½ மைல் நீள அடிக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தபோது, மரப்பெட்டிகளின்மேல் அதைக் கிடத்தி, உஷ்ணமானிகளால் சூட்டைக் குறித்து, பிரமாணமாக வைத்திருந்த மற்றொரு சங்கிலியோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் அவர். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது அவருடைய அரை டன் தியோடலைட்டை ஏற்றுகையில் கயிறு அறுந்து, யந்திரம் சுவரில் மோதி, மூன்றடி விட்ட வட்டம் கோணிப்போயிற்று. அவர் அதை மறைக்கவுமில்லை. கோணிய வட்டத்தோடு அளந்துகொண்டு போகவுமில்லை. திருச்சிராப்பள்ளிக்குச் சென்று கூடாரத்தில் தனித்திருந்து, யந்திரத்தை முற்றிலும் பிரித்து, பலகையில் வட்டத்தின் உண்மை வடிவத்தை வரைந்து, ஆப்புகளும் திருகுகளும் கப்பிகளும் கொண்டு ஆறு வாரத்தில் அதை ஏறத்தாழப் பழைய வடிவத்துக்கு இழுத்துக் கொணர்ந்தார். நில அளவையின் சரித்திரத்தில் இதற்கு நிகரான பொறுமையை நான் கண்டதில்லை. 1823-இல் நம் மகாராஷ்டிரத்து ஹிங்கன்காட்டில், அளக்கும் பணியிலேயே அவர் உயிர் நீத்தார்.

2024-இல் உன் தாராவியில் ட்ரோனும் லைடாரும் கொண்டு வீடு வீடாக அளவெடுக்கத் தொடங்கினார்கள். பத்தடிக்குப் பதினைந்தடி அறையின் அகலத்தில் அரையடி பிசகினால் ஏழரைச் சதுர அடி தவறிப்போகும். அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய இடம். கருவிகள் எவ்வளவு நுட்பமானாலும், வாசித்ததை வாசித்தபடி எழுதும் கடமை மனிதனுடையதே.

ஆகவே நாளையே சென்று மீண்டும் அள. பீல்டு புக்கில் பழைய வாசிப்பை அழிக்காதே. அது தெரியும்படி ஒரே கோடு அடித்து, புதியதை மேலே எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிடு. என்ன கூட்டுத்தொகை வந்ததென்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பெரியப்பா