கோடைப் போட்டிக்கு மூன்று நூல்கள்

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தின் கோடை வாசிப்புப் போட்டியில் நதியின் பெயர் தாங்கிய நூல், பெண் எழுத்தாளரின் நூல், மொழிபெயர்ப்பு ஆகிய மூன்றும் கட்டாயம். எவற்றைப் படிக்கலாம்?

பதில்: நதிக்கு யோசனையே வேண்டாம்; தி. ஜானகிராமனும் சிட்டியும் எழுதிய யாத்திரை நூலான 'நடந்தாய் வாழி காவேரி' இருக்கவே இருக்கிறது. இரண்டாவதற்கு, தூத்துக்குடி உப்பளங்களில் கொளுத்தும் வெயிலில், உப்பு நீர் காலை அரிக்க அரிக்கப் பாடுபடும் ஜனங்களின் ஜீவிதத்தை ராஜம் கிருஷ்ணன் நேரில் சென்று கண்டு எழுதிய 'கரிப்பு மணிகள்' நாவலைக் காட்டிலும் கோடைக்குப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை. (பக்கம் குறைந்ததாகப் பார்த்துப் பொறுக்குவோரும் உண்டு, அவர்களுக்கு என்னிடம் சிபாரிசு கிடையாது.) மொழிபெயர்ப்புக்கு, நாடியைப் பிடித்தே மரணத்தின் வருகையை அறிந்துவிடும் கிராம வைத்தியரை நாயகராகக் கொண்டு தாராசங்கர் பந்தோபாத்யாய வங்காளியில் படைத்த 'ஆரோக்கிய நிகேதனம்', த. நா. குமாரசாமியின் தமிழில் கிடைக்கிறது. அவசரமாக வாசிக்கக்கூடியதன்று, ஆகையால் அதை முதலில் தொடங்குங்கள்.