ஒரே கார்டு, இரண்டு விலை: எது உண்மை?

கேள்வி: என் மகன் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்று நிற்கிறான். கேட்டால் ‘டிசைன் சாஃப்ட்வேர் ஓட்ட வேண்டும்’ என்கிறான். சென்னை ரிச்சி தெருவில் கேமிங் லேப்டாப் மட்டுமே விற்கும் ஒரு கடையில் இரண்டு காட்டினார்கள். இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு, 16 ஜிபி ரேம். மெல்லிசாக, அழகாக இருப்பது 89,000 ரூபாய். தடியாக, கனமாக இருப்பது 1,12,000 ரூபாய். மெல்லிசாக இருப்பதுதானே விலை கூட இருக்க வேண்டும்? கடைக்காரரோ, “கார்டு ஒண்ணுதான்மா, அது கம்பெனி பேருக்குக் காசு” என்கிறார். கூடவே உள்ளே பேஸ்ட் மாற்றி, ரேம் கூட்டித் தருவதாகவும் சொல்கிறார். வாங்குவதற்கு முன் நான் என்னென்ன கேட்க வேண்டும்?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மகன் சொன்ன காரணத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம் அம்மா. அதைவிட உங்கள் கேள்வி சுவையானது. தடியானது ஏன் விலை கூட என்று கேட்டீர்களே, பலர் அந்த இடத்தில் மெல்லிசானதை வாங்கிக்கொண்டு, கடைக்காரர் ஏமாந்துவிட்டார் என்ற சந்தோஷத்தோடு பஸ் ஏறிவிடுவார்கள்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பாதி சொல்லியிருக்கிறார். கார்டு ஒன்றுதான். என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப் எந்தக் கம்பெனி மடிக்கணினியில் இருந்தாலும் அதற்குள் 3,072 ‘கோர்’கள், அதாவது கணக்குப் போடும் சிற்றலகுகள், இருக்கும். படங்களை வைத்துக்கொள்ள 8 ஜிபி தனி நினைவகமும் இருக்கும். ஆனால் பெயர் ஒன்றாக இருந்தால் வேகமும் ஒன்றாக இருக்கும் என்று நினைப்பதுதான் தவறு. பெயர் சிப்பைத்தான் குறிக்கிறது. அந்தச் சிப்புக்கு எவ்வளவு மின்சாரம் கொடுக்கலாம் என்பதை லேப்டாப் தயாரிக்கும் கம்பெனி தன் விருப்பப்படி முடிவு செய்கிறது.

இதற்கு டிஜிபி என்று பெயர்: கிராபிக்ஸ் பகுதி மொத்தமாக இழுக்கக்கூடிய மின்திறன், வாட் கணக்கில். 4060-க்கு என்விடியா அனுமதித்திருக்கும் எல்லை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. மூன்று மடங்குக்கும் மேலான இடைவெளி! அதற்கேற்ப சிப்பின் உச்ச வேகமும் 1,470 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2,370 மெகாஹெர்ட்ஸ் வரை மாறும். ஒரே கம்பெனி ஃபேனை ஒரு வீட்டில் ரெகுலேட்டர் இரண்டிலும், இன்னொரு வீட்டில் ஐந்திலும் வைத்த மாதிரிதான் இது. ஒரு வித்தியாசம், இந்த ரெகுலேட்டரைத் தொழிற்சாலையிலேயே திருகி மூடிவிடுகிறார்கள். வாங்கிய பிறகு நீங்கள் திருப்ப முடியாது.

எல்லாரும் ஐந்திலேயே வைக்கலாமே என்று கேட்பீர்கள். தடிமன் கதை இங்கேதான் வருகிறது. சிப் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். கிராபிக்ஸ் சிப் நூறு வாட், பிராசஸர் நாற்பது ஐம்பது வாட் என்றால், மடியில் வைக்கும் ஒரு பெட்டிக்குள் நூற்றைம்பது வாட் சூடு. அதை வெளியேற்றச் செம்புக் குழாய்கள், தகடுகள், இரண்டு பெரிய விசிறிகள், காற்று போக இடம் எல்லாம் வேண்டும். மெல்லிய உடம்பில் இவற்றுக்கு இடமில்லை. எனவே அந்தக் கம்பெனி சிப்பின் வாட்டைக் குறைத்து வைக்கிறது. மெல்லிசாகவும் இருந்து, வேகமும் கொடுக்கும் லேப்டாப்கள் இல்லாமல் இல்லை. அவற்றின் விலை நீங்கள் சொன்ன இரண்டையும் விட மேலே இருக்கும். விலையும் குறைந்து உடம்பும் மெலிந்திருந்தால், குறைத்தது வாட்டாகத்தான் இருக்கும் என்று சந்தேகப்படுவது நியாயம்.

சந்தேகத்தைக் கடையிலேயே தீர்த்துக்கொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. இரண்டு லேப்டாப்பின் சார்ஜரையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அடியில் ‘அவுட்புட்’ என்று பொடி எழுத்தில் வோல்ட்டும் ஆம்பியரும் போட்டிருக்கும், இரண்டையும் பெருக்குங்கள். 20 வோல்ட், 6 ஆம்பியர் என்றால் 120 வாட். 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்றால் 230 வாட். 120 வாட் சார்ஜரோடு வரும் லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் மட்டும் 115 வாட் எடுத்துக்கொள்கிறது என்றால், பிராசஸருக்கும் திரைக்கும் மிச்சம் ஐந்து வாட்தான். நடக்கிற காரியமா?

வாட் இரு மடங்கானால் வேகமும் இரு மடங்கு என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். சிப்பை வேகமாக ஓட்ட அதற்குக் கொடுக்கும் வோல்டேஜையும் ஏற்ற வேண்டும். மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். ஆகவே மேலே போகப் போக, கொஞ்சம் வேகத்துக்கு நிறைய மின்சாரம் போகும். 4060-ஐப் பொறுத்தவரை நூறு வாட்டைத் தாண்டினால் கிடைக்கும் லாபம் சொற்பம். 45 வாட்டுக்கும் 90 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் மகனின் கண்ணுக்குத் தெரியும். 115-க்கும் 140-க்கும் உள்ளது விளம்பரத்தில்தான் தெரியும். (அந்த 140 எங்கிருந்து வந்தது என்றால், பிராசஸர் சும்மா இருக்கும் நேரத்தில் அதன் பங்கிலிருந்து 25 வாட் வரை கடன் வாங்கும் ‘டைனமிக் பூஸ்ட்’ என்ற ஏற்பாட்டையும் சேர்த்துச் சொல்லும் எண்.)

இவ்வளவு முக்கியமான எண்ணை ஸ்டிக்கரில் ஏன் போடுவதில்லை என்பதும் நல்ல கேள்விதான். 2017-லிருந்து சில ஆண்டுகள், வாட் குறைத்த கார்டின் பெயரோடு ‘மேக்ஸ்-கியூ’ என்று ஒரு வால் இருந்தது. அதைப் பார்த்தே வாங்குபவர் உஷாராகிவிடலாம். 2021-ல் 30 வரிசைக் கார்டுகள் வந்தபோது பெயரிலிருந்து அந்த வாலை எடுத்துவிட்டார்கள். குழப்பம் கூடிக் கண்டனம் எழுந்த பிறகு, தயாரிப்பாளர்கள் தங்கள் இணையப் பக்கத்தில் வாட்டைச் சொல்ல வேண்டும் என்றது என்விடியா. ஆகவே எண் இருக்கிறது, பெட்டியின் மேல்தான் இல்லை. மாடல் எண்ணை முழுதாக, கடைசி எழுத்துவரை, குறித்துக்கொண்டு கம்பெனியின் பக்கத்தில் பாருங்கள். டிஸ்ப்ளேக்கு வைத்திருக்கும் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பகுதியைத் திறந்து காட்டச் சொல்லலாம். அங்கே அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் எழுதியிருக்கும். கேமிங் லேப்டாப் மட்டுமே விற்கும் கடைக்காரருக்கு இந்தக் கேள்வி புரியவில்லை என்றால், அடுத்த கடைக்கு நடக்கலாம்.

பெயரை நம்பும் பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4090-ல் 16,384 கோர்கள். அதே 4090 என்ற பெயரில் லேப்டாப்பில் வருவதில் 9,728. இங்கே சிப்பே வேறு!

இனி கடைக்காரர் செய்து தருவதாகச் சொன்ன கூடுதல் வேலைகள். இவற்றை எடைபோட ஒரே அளவுகோல் போதும்: பிறகு மாற்ற முடிவது எது, முடியாதது எது? கிராபிக்ஸ் சிப் தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்டது, வாங்கியதோடு சரி. ரேமும் எஸ்எஸ்டி என்னும் சேமிப்பகமும் பெரும்பாலான கேமிங் லேப்டாப்களில் எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியவை. ஆகவே ‘32 ஜிபி ரேம் போட்டுத் தருகிறேன், வாட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்’ என்ற பேரம் உங்களுக்கு நஷ்டம்.

ஆனால் ரேம் பற்றி ஒன்று கேட்க வேண்டும்: அந்த 16 ஜிபி ஒரே குச்சியா, 8 ஜிபி குச்சிகள் இரண்டா? இரண்டு குச்சிகள் இருந்தால் பிராசஸர் இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில் தகவலை எடுக்கும். ஒரே குச்சி என்றால் பல விளையாட்டுகளில் வேகம் குறையும். ஒரே குச்சியாக இருந்தால் அதே வகையில் இன்னொன்று போடச் சொல்லுங்கள். இது நியாயமான செலவு. கடைக்காரர் ரேமையோ எஸ்எஸ்டியையோ மாற்றினால், கழற்றியது எங்கே என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் பொருள். புதிதாகப் போட்டதற்கு வாரண்டி யாருடையது, கடையுடையதா அந்த உதிரிபாகக் கம்பெனியுடையதா என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

பேஸ்ட் மாற்றும் வேலை வேண்டாம். சிப்புக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தும் பசைதான் இது. மூன்று நான்கு வருடம் ஓடி, காய்ந்த பிறகு மாற்றினால் பலன் உண்டு. புத்தம்புது லேப்டாப்பைப் பிரித்து மாற்றுவது, கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டுவதற்கு முன்பே சலவைக்குப் போடும் ஆர்வம். ‘லிக்விட் மெட்டல்’ போடுகிறேன் என்றால் கண்டிப்பாக வேண்டாம். அது காலியம் கலந்த திரவ உலோகம்; மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும், ஒரு துளி சிந்தினால் தாய்ப்பலகையே போய்விடலாம். அசூஸ் போன்ற கம்பெனிகள் சில மாடல்களில் இதைத் தொழிற்சாலையிலேயே, சிந்தாமல் இருக்கத் தடுப்பு வைத்து, இயந்திரத்தால் போட்டுத் தருகின்றன. கடையின் பின்னறை வேலை வேறு.

வாரண்டியில் மூன்று இடங்களைப் பாருங்கள். லேப்டாப்பின் அடியில், பெட்டியில், பில்லில் மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் அந்த எண்ணைக் கம்பெனியின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பார்த்தால் வாரண்டி எப்போது முடிகிறது என்று தெரிந்துவிடும். ஏற்கெனவே சில மாதம் ஓடியிருந்தால் அது பழைய சரக்காகவோ, டிஸ்ப்ளேயில் இருந்ததாகவோ, யாரோ திருப்பிக் கொடுத்ததாகவோ இருக்கலாம். அதற்கேற்ற விலைக்கு வாங்குவதில் தவறில்லை, தெரிந்து வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு என்றால், இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்று கம்பெனியிடமே கேளுங்கள், கடையிடம் அல்ல. திண்டுக்கல்லில் இருக்கிறீர்கள், வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, சர்வீஸ் சென்டருக்கு நீங்கள்தான் தூக்கிப்போக வேண்டுமா என்பதும் முக்கியம்.

“பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்” என்றால் எழுந்துவிடுங்கள். லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் ஆசை பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் பில் இல்லாவிட்டால் வாரண்டித் தகராறிலும் நுகர்வோர் ஆணையத்திலும் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலிருந்தே தொடங்கலாம்.

சில சிறப்புக் கடைகள் இன்னொரு படி போய், தங்கள் பெயரையே ஒட்டி விற்கும். ஜெர்மனியின் எக்ஸ்எம்ஜி, அமெரிக்காவின் சேகர் ஆகியவை அப்படித்தான், தைவானின் கிளீவோ போன்ற நிறுவனங்களின் உடலை வாங்கி உருவாக்கிப் பேர் எடுத்தவை. அப்படிப்பட்ட இடத்தில் விற்பவரே கம்பெனி. உதிரிபாகம் எத்தனை வருடம் கிடைக்கும் என்பதுதான் அங்கே முதல் கேள்வி. உங்களுக்கு இப்போது அந்தக் கவலை இல்லை.

திரையில் 144 ஹெர்ட்ஸ் என்ற எண்ணைப் பெரிதாகக் காட்டுவார்கள். அது நொடிக்கு எத்தனை முறை படம் மாறும் என்பது. நிறம் எப்படி என்று சொல்லாது. ‘45 சதவீத என்டிஎஸ்சி’ என்றிருந்தால் நிறம் வெளிறித் தெரியும். ‘100 சதவீத எஸ்ஆர்ஜிபி’ என்றிருப்பதே நல்லது. வெள்ளை, கறுப்பு இரண்டும் முழுத்திரையில் போட்டு, செத்த புள்ளி இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஒன்றிரண்டு புள்ளிக்கெல்லாம் பல கம்பெனிகள் திரையை மாற்றித் தருவதில்லை. ‘மக்ஸ் சுவிட்ச்’ இருக்கிறதா என்றும் கேட்கலாம். கிராபிக்ஸ் சிப்பிலிருந்து படத்தை, பிராசஸரின் வழியாகச் சுற்றாமல், நேராகத் திரைக்கு அனுப்பும் வசதி அது. இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி முழுகாது.

கடையில் ஏதாவது ஒரு கேமை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் எந்த லேப்டாப்பும் வேகமாகத்தான் ஓடும். சூடேறிய பிறகு வேகம் நிற்கிறதா என்பதுதான் சோதனை. சார்ஜரைச் செருகியே ஓட்ட வேண்டும். பேட்டரியில் ஓடும்போது கார்டு தானாகவே வாட்டைக் குறைத்துக்கொள்ளும், அது பழுதல்ல. வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் மகன் இதைச் சொல்லிப் பதறாமல் இருக்கவே சொல்கிறேன்.

இப்போது அந்த டிசைன் சாஃப்ட்வேர். சாலிட்வொர்க்ஸ், ஆட்டோகேட் போன்றவற்றில் கல்லூரிப் பாட அளவு வேலைக்குப் பிராசஸரின் வேகமும் ரேமும்தான் பெரிதும் தேவை. மெல்லிசானதே தாராளமாகப் போதும். தினமும் பையில் தூக்கிப்போகவும் அதுதான் வசதி. தடியானது சார்ஜரோடு சேர்ந்து மூன்று கிலோவைத் தொடும். வேலரன்ட் போன்ற இலகுவான விளையாட்டுக்கும் மெல்லிசானது போதும். பெரிய, கனமான விளையாட்டுகளைத்தான் ஆடப் போகிறான் என்றால், தடியானதில் கார்டு நூறு வாட்டைத் தொடுவதாக இருந்தால் அந்த 23,000 வீணில்லை. இரண்டும் ஒரே வாட் என்று தெரிந்தால் மட்டும், கடைக்காரர் சொன்னபடி, கம்பெனி பெயருக்குத்தான் காசு.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் மகனை உட்கார வைத்து எந்த விளையாட்டு என்று கேட்டுவிடுங்கள். டிசைன் சாஃப்ட்வேர் என்றே சாதித்தால் 89,000 ரூபாயோடு முடித்துக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம். பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.