வெள்ளன, வெரசா, சூதானமா: இங்கிலீஷில் ஒப்பிட்டுப் பேச வீட்டுக் குறிப்புகள்

மதுரையிலிருந்து தேக்கடிக்குப் போகிற வண்டிகளில் பல, கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவே திராட்சைத் தோட்டத்தில் நின்றுவிட்டுத்தான் மலையேறுகின்றன. தோட்டத்து வீட்டுப் பிள்ளை, ஜீப் ஓட்டுகிற அண்ணன், போடி ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதுகிற தங்கை எல்லோருக்கும் நாலு வார்த்தை இங்கிலீஷ் தேவைப்படுகிறது. பொருள்களின் பெயர் தெரியும், வினைச்சொல்லும் தெரியும். 'இன்னும் மெதுவா', 'அவனைவிட வெரசா' என்று ஒரு செயலை இன்னொன்றோடு ஒப்பிடும்போதுதான் நாக்கு தடுமாறுகிறது. இதை அடுப்படியிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

1. இலக்கணப் புத்தகத்திலிருந்து தொடங்காதீர்கள். நம் வாயில் தினமும் புழங்கும் சொற்களை எடுங்கள். வெள்ளன என்றால் 'ஏர்லி', ஒப்பிட்டால் 'ஏர்லியர்'. வெரசா என்றால் 'ஃபாஸ்ட்', ஒப்பிட்டால் 'ஃபாஸ்டர்'. சூதானமா என்றால் 'கேர்ஃபுல்லி', ஒப்பிட்டால் 'மோர் கேர்ஃபுல்லி'. இந்த மூன்றையும் எழுதி நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். முழு விதியும் இதற்குள்ளேயே இருக்கிறது.

2. குட்டிச் சொல்லுக்கு வாலில் 'அர்' சேரும்: ஹார்டர், லேட்டர், சூனர், லாங்கர், ஹையர். 'லி' என்று முடியும் நீண்ட சொல்லுக்கு முன்னால் 'மோர்' வரும். 'ஏர்லி' மட்டும் 'லி' என்று முடிந்தாலும் 'ஏர்லியர்' ஆகிவிடும். 'ஆஃபன்' என்பதற்கு 'மோர் ஆஃபன்' போதும். பெரியாற்றுத் தண்ணீர் ஜூன் முதல் தேதி திறப்பார்களா, தள்ளிப்போகுமா என்று நம் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்காரர்கள் ஆண்டுதோறும் பேசுகிற பேச்சையே பயிற்சியாக்கலாம்: 'தே ரிலீஸ்ட் தி வாட்டர் லேட்டர் திஸ் இயர்.'

3. அதிகம் பேர் செய்கிற தவறு 'மோர் ஃபாஸ்டர்'. காரணம் நம் 'இன்னும்'. இன்னும் வெரசா என்று மனதில் ஓடுவதால் 'இன்னும்' இருக்கிற இடத்தில் ஒரு 'மோர்' தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'அர்' ஒட்டிய சொல்லுக்கு முன்னால் அது வரவே கூடாது. அழுத்தம் வேண்டுமென்றால் அதற்கென்று சொற்கள் உண்டு. கொஞ்சம் என்றால் 'எ பிட்', ரொம்ப என்றால் 'மச்', இன்னும்கூட என்றால் 'ஈவன்'. 'கம் எ பிட் ஏர்லியர்', 'ஷி ரன்ஸ் மச் ஃபாஸ்டர்.' 'வெரி ஃபாஸ்டர்' என்பதும் தப்பு. ஒப்பிடும் சொல்லோடு 'வெரி' ஒட்டாது.

4. தமிழில் 'நீ அண்ணனைவிட நல்லா இங்கிலீஷ் பேசுற' என்போம். யாரைவிட என்பது முன்னால், வினை கடைசியில். இங்கிலீஷில் 'யூ'வுக்குப் பின் வினை முதலில், எதைச் செய்கிறோம் என்பது அடுத்து, எப்படி என்பது அதன்பின், யாரைவிட என்பது கடைசி: 'யூ ஸ்பீக் இங்கிலீஷ் பெட்டர் தேன் யுவர் பிரதர்.' பிள்ளைகளிடம் இந்த வரிசையை விரல் மடக்கிச் சொல்லச் சொல்லுங்கள். நாலு விரல், நாலு துண்டு. சுட்டு விரலுக்கு 'ஸ்பீக்', நடு விரலுக்கு 'இங்கிலீஷ்', மோதிர விரலுக்கு 'பெட்டர்', சுண்டு விரலுக்கு 'தேன் யுவர் பிரதர்'. சொல்லிக்கொடுத்த விதி மறந்தாலும் விரல் மறக்காது என்பது என் எண்ணம்.

5. போடிமெட்டு கொண்டை ஊசி வளைவில் பின்சீட்டுக்காரர் 'ஸ்லோவர், ப்ளீஸ்' என்றால் அவர் இலக்கணம் தெரியாதவர் அல்லர். பேச்சில் 'டிரைவ் ஸ்லோவர்' முழுக்கச் சரி. பரீட்சைத் தாளில் 'மோர் ஸ்லோலி' என்று எழுதுவது பத்திரம். 'குயிக்கர்', 'லவுடர்', 'சீப்பர்' எல்லாம் இதே ரகம். வெளிநாட்டுப் பயணி மளமளவென்று பேசினால் தலையாட்டிச் சமாளிக்க வேண்டாம். 'குட் யூ ஸ்பீக் எ லிட்டில் மோர் ஸ்லோலி, ப்ளீஸ்?' என்று கேளுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்வது நல்லது.

6. 'லி' சேர்த்தால் பொருளே மாறிவிடும் சொற்களில் கவனம். 'ஹார்ட்' என்றால் பாடுபட்டு, 'ஹார்ட்லி' என்றால் அநேகமாக இல்லை. விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற அம்மாவைப் பற்றி 'ஷி வொர்க்ஸ் ஹார்ட்லி' என்று எழுதினால், அவர் வேலையே செய்வதில்லை என்றாகிவிடும். 'ஷி வொர்க்ஸ் ஹார்டர் தேன் எனிவன் அட் ஹோம்' என்பதுதான் அவருக்கு உரிய வாக்கியம். 'லேட்லி' என்றால் சமீபமாக. போடி ஏலத்தில் விலை கூட்டிக் கேட்டவரை 'ஹி பிட் ஹையர்' என்பார்கள். இங்கே 'ஹைலி' வராது.

7. வெல், பெட்டர். பேட்லி, வொர்ஸ். ஃபார், ஃபர்தர். இவை மூன்றும் விதிக்கு அடங்காதவை. 'மோர் பெட்டர்' வேண்டாம்.

8. சுவை, மணம் சொல்லும் வினைகள் தனி. நம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கேட்கிறவர்களிடம் அதையும் சொல்லுங்கள். சுவையைச் சொல்லும்போது 'இட் டேஸ்ட்ஸ் ஸ்வீட்டர்' என்றே சொல்லுங்கள், 'மோர் ஸ்வீட்லி' என்று சொல்லாதீர்கள். அங்கே பேச்சு பழத்தின் தன்மையைப் பற்றியது. பழுப்பது செயல், அதனால் 'இட் ரைப்பன்ஸ் ஃபாஸ்டர்' என்று வினையடை வரும்.

9. 'ஐ கால் அம்மா மோர் ஆஃபன் தேன் மை பிரதர்' என்றால் தம்பியைவிட அம்மாவுக்கு அதிகம் பேசுகிறேனா, தம்பி பேசுவதைவிட அதிகம் பேசுகிறேனா என்று குழப்பம் வரும். கடைசியில் ஒரு 'டஸ்' போட்டால் தீர்ந்தது: 'தேன் மை பிரதர் டஸ்.' நடந்து முடிந்தது என்றால் 'டிட்'.

10. குறை சொல்லும்போது 'லெஸ் கேர்ஃபுல்லி' என்று பேச்சில் அரிதாகவே சொல்வார்கள். 'ஹி டஸன்ட் டிரைவ் ஆஸ் கேர்ஃபுல்லி ஆஸ் யூ' என்பதுதான் வழக்கம்.

11. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் நாளுக்கு ஒரு வினை. இன்று 'ஈட்', நாளை 'வாக்', மறுநாள் 'ஸ்லீப்'. ஆளுக்கொரு ஒப்பீடு சொல்லட்டும். பிள்ளை தப்பாகச் சொன்னால் நடுவில் நிறுத்தாதீர்கள். சொல்லி முடித்தபின் அதே வாக்கியத்தைச் சரியாக நீங்கள் ஒருமுறை சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு விடுங்கள்.