கொழும்பில் ஒரு நாள்: சம்மாந்துறைக் குடும்பங்களுக்கு

• இரவு பஸ்ஸில் புறப்பட்டால் விடியற்காலை கொழும்பு. திரும்பும் ஆசனங்களையும் முன்பே பதிந்துவிடுங்கள்.

• ஞாயிறும் போயாவும் வேண்டாம். புறக்கோட்டையில் பல கடைகள் பூட்டியிருக்கும். வெள்ளியென்றால் ஜும்ஆ நேரத்தைக் கணக்கில் எடுங்கள்.

• துணிக்குக் கெய்சர் வீதி, நகைக்குச் செட்டியார் தெரு. மூன்று கடையிலாவது விலை கேட்டபின் பேரம் பேசுங்கள்.

• பிள்ளைகளின் சட்டைப்பையில் வாப்பாவின் தொலைபேசி இலக்கம் இருக்கட்டும். தவறினால் சந்திக்கும் இடம்: இரண்டாம் குறுக்குத்தெருச் சிவப்புப் பள்ளிவாசல். 1909இல் கட்டி முடிந்த அதை எவரும் காட்டுவார்கள்.

• பாரச் சாமான்களைக் கடைசியாக வாங்குங்கள்.

• வெயில் நேரத்துக்கு, 1877இல் திறந்த தேசிய அருங்காட்சியகம். அஸருக்குப் பின் காலிமுகத்திடல். இறால் வடையைச் சூடாகப் பொரித்துத் தரும் வண்டியில் வாங்குங்கள்.

• முச்சக்கர வண்டியில் மீற்றர் ஓடுகிறதா என்று பார்த்து ஏறுங்கள்.