பழைய பெட்ரோல் சரக்கு வண்டி வாங்குவோர் கவனிக்கவேண்டியவை

திருப்பூர் இராயபுரம் முதலிய இடங்களிலுள்ள பனியன் கம்பெனிகளில் நூலும் துணியும் ஏற்றி நாள் முழுவதும் ஓடிய சிறு சரக்கு வண்டிகள், சில வருஷங்களில் விலைக்கு வருவதுண்டு. பல்லடம், காங்கயம், பொங்கலூர் பக்கத்துக் குடியானவர்கள் அவற்றை வாங்கித் தேங்காய், தக்காளி, சின்ன வெங்காயம் ஆகியவற்றைச் சந்தைக்குக் கொண்டுபோக உபயோகிக்கின்றனர். 2005ஆம் வருஷம் டாட்டா ஏஸ் வெளிவந்தது முதல் இவ்வகை வண்டிகள் பெரும்பாலும் டீசலாகவே இருந்துவந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 புகைவிதி அமலுக்கு வந்தபின், மாருதி சூப்பர் கேரி டீசலை விட்டுப் பெட்ரோலுக்கு வந்தது. ஏஸிலும் பெட்ரோல் வண்டி சேர்ந்தது. ஆகையால் நெடுநாள் டீசலே வைத்திருந்த விவசாயி ஒருவர், அதிகம் ஓடிய பெட்ரோல் வண்டியை விலை பேசும் சந்தர்ப்பம் இப்பொழுது ஏற்படுகிறது. டீசலில் பழகிய கண் இங்கேதான் ஏமாறும்.

டீசல் இஞ்சினில் புது ஆயில் ஊற்றிய சில தினங்களிலேயே அது கறுத்துவிடும். அதை ஒருவரும் குற்றமாகக் கொள்வதில்லை. பெட்ரோல் இஞ்சினிலோ ஆயில் தேன் நிறத்திலிருந்து மெல்லப் பழுப்பாகும். அளவு பார்க்கும் கம்பியில் தார்போலக் கறுத்துத் திரண்டிருந்தால் ஆயில் மாற்றாமலே ஓட்டினார்கள் என்றும், பால் கலந்த காப்பிபோல் இருந்தால் தண்ணீர் கலக்கிறது என்றும் அறியவேண்டும். பாரம் இழுக்கையில் சற்றுக் கரும்புகை விடுவது பழைய டீசலுக்கு இயல்பு. பெட்ரோல் வண்டியில் அது கோளாறேயாகும். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். இதனைக் காண, இஞ்சின் குளிர்ந்திருக்கும் காலையிலேயே போகவேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், அன்று திரும்பி வந்துவிடுவது உத்தமம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கச் சிறிது நேரமே ஆகும். நுனி உலர்ந்து இளம்பழுப்பாக இருப்பது நலம், எண்ணெய்ப் பசையுடன் கறுத்திருப்பது நலமன்று. மெக்கானிக்கைக் கொண்டு கம்பிரெஷன் பார்க்கும்பொழுது, எல்லாச் சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டவேண்டும்.

கிலோமீட்டர் எண்ணை மட்டும் நம்புவதற்கில்லை. அதைத் திருத்திவிடுவோர் உண்டு. திருத்தாவிடினும், சந்து பொந்துகளில் நின்று நின்று ஓடிய வண்டியின் இஞ்சின் அந்த எண் காட்டுவதைவிட அதிக நேரம் உழைத்திருக்கும். பிரேக், கிளச் மிதிகளின் ரப்பர் தேய்மானமும் பழைய சர்வீஸ் ரசீதுகளும் உண்மையைச் சொல்லும்.

எமக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் நல்ல வண்டியாகவே பொறுக்கி வாங்கினார். கெட்டது ஓட்டிய விதத்தில். டீசலில் செய்தவாறே, தேங்காய்ப் பாரத்துடன் மேட்டில் கியர் குறைக்காமல் இழுத்தார். இஞ்சின் தட்டும் ஓசை கேட்டும், பின்னர் ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தும், வண்டி ஓடுகிறதே என்றிருந்தார். எரியாத பெட்ரோல் சைலன்ஸரிலுள்ள கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் கெடுத்தது. ஒரு பிளக்கோடு முடிந்திருக்கவேண்டிய செலவு, ஒரு போகத்து வெங்காய லாபத்தை விழுங்கிற்று. பெட்ரோல் வண்டியை மேட்டில் கியர் குறைத்துச் சற்று வேகமான சுழற்சியில் ஓட்டுவதே முறை.

இனி வரவுசெலவு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்க்கு 14 கிலோமீட்டரும், டீசல் 92 ரூபாய்க்கு 20 கிலோமீட்டரும் கிடைக்குமென்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் சுமார் 7.15 ரூபாய், டீசலில் 4.60 ரூபாய். வருஷம் 6,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு வித்தியாசம் ஏறக்குறைய 15,000 ரூபாய். குறைந்த விலைக்கு வாங்கியிருந்தால் சில வருஷங்களுக்கு இதைத் தாங்கலாம். வாடகைக்கும் சேர்த்து 25,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கோ 63,000க்கு மேலாகும். அவர் டீசலை விடலாகாது. ஆனால் வடிகட்டி பொருத்திய புது டீசல் வண்டிகள் தோட்டத்துக்கும் சந்தைக்குமான குறுந்தூர ஓட்டத்தில் போதிய சூடேறாமல் புகைக்கரி அடைத்துக்கொள்ளும் என்பதையும் நினைக்கவேண்டும்.

சி.என்.ஜி. பொருத்திய வண்டியாயின் சிலிண்டருக்கு 3 வருஷத்துக்கொருமுறை சோதனை உண்டு. அத்தாட்சியைக் கேட்டு வாங்குக. ஆர்.சி. புத்தகத்தில் கடன் பாத்தியதை நீங்கியிருக்கிறதா, எப்.சி. தேதி என்ன என்று பார்க்கவேண்டும். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கொருமுறையும், பின்னர் வருஷந்தோறும் எப்.சி. காட்டவேண்டியிருக்கும். விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் கைமாற்றத்தைப் போக்குவரத்து ஆபீசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம். விற்பனைக் கடிதத்துக்குச் சாட்சிக் கையெழுத்திடும் கிராம அதிகாரிகள், சாசி நம்பரையும் இஞ்சின் நம்பரையும் வண்டியிலேயே நேரில் படித்து, ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தபின் கையெழுத்திடுவார்களாக.