சுருதியும் கருவியும்

குமரி மாவட்டத்தில், வேளிமலையின் அடிவாரத்தில் அமைந்த பழம்பதி பத்மநாபபுரம். 1795ஆம் ஆண்டு வரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய இவ்வூரின் அரண்மனையில், கருங்கல் தூண்கள் தாங்கும் நவராத்திரி மண்டபம் ஒன்று உண்டு. கலைமகள் விழாவின்போது இசையும் கூத்தும் நிகழ்ந்த இடம் அது. தமிழ்க் கீர்த்தனைகள் பல இயற்றிய நீலகண்ட சிவன் (1839–1900) வாழ்ந்த ஊரும் இதுவே. அந்நாளில் ஒலிபெருக்கி இல்லை. மின்விசைக் கருவிகளும் இல்லை. பாடுவோர்க்குச் சுருதித் துணையாய் நின்றது தம்புரா.

இன்று இசையைப் பாடமாகப் பயிலும் மாணவர் செய்முறைத் தேர்வுக்கு ஆயத்தமாகும்போது, அவர்முன் பல கருவிகள் நிற்கின்றன. தம்புரா, மின்னணுச் சுருதிப் பெட்டி, மின்னிசைப் பலகை, ஒலிப்பதிவுக் கருவி என்னும் இவற்றுள் எதனைத் தேர்வது? இவ்வினாவுக்கு விடை காண, ஒவ்வொன்றின் இயல்பையும் அறிதல் வேண்டும்.

தம்புராவுக்குக் கம்பிகள் நான்கு. பிருடைகளைத் திருகியும், மணிகளை நகர்த்தியும் அவற்றைச் சுருதி கூட்டுவர். குதிரையின்மேல் கம்பிக்கு அடியில் செருகப்படும் மெல்லிய நூலுக்கு ஜீவா என்று பெயர். அந்நூல் உரிய இடத்தில் அமைந்தால் நாதம் உயிர் பெறுகிறது. அறிவியலறிஞர் சர் சி. வி. இராமன் 1921ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து எழுதினார். கம்பியை எவ்விடத்தில் மீட்டினும் மேற்சுரங்கள் நிறைந்து எழுவதற்கு, அகன்று வளைந்த குதிரையே காரணம் என்று அவர் விளக்கினார். எனினும் வெப்பத்தாலும் ஈரக்காற்றாலும் தம்புராவின் சுருதி கலையக்கூடும். அதனை மீண்டும் கூட்டச் செவிப் பயிற்சி வேண்டும்.

பெங்களூரைச் சேர்ந்த பொறியாளர் இராஜ் நாராயண் 1979ஆம் ஆண்டளவில் மின்னணுச் சுருதிப் பெட்டியை உருவாக்கினார். குமிழைத் திருப்பினால் வேண்டிய கட்டையில் சுருதி ஒலிக்கும், இடையில் கலையாது. தம்புரா மீட்டத் துணையில்லாத மாணவர்க்கு இது பேருதவி. ஆயினும் சுருதி சேர்த்தலைத் தானே செய்துவிடும் அக்கருவி, செவியைப் பழக்குவதில்லை.

மின்னிசைப் பலகையின் நிலை வேறு. அதன் கட்டைகள், ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு நிலையான சுரங்களாகப் பகுக்கின்றன. நம் இராகங்களோ சுரத்துக்குச் சுரம் வழுக்கியும் அசைந்தும் செல்லும் கமகங்களால் உருப்பெறுவன. ஆர்மோனியத்தின் மீதும் இக்குறையே கூறப்பட்டது. அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு அதனை விலக்கிற்று. அத்தடை 1971ஆம் ஆண்டில்தான் தளர்ந்தது. பலகையைப் பின்பற்றியே பாடிப் பழகும் மாணவரின் தோடியில் சுரம் இருக்கும், தோடி இராது.

ஒலிப்பதிவுக் கருவியோ ஒளிவுமறைவற்ற ஆசான். பாடும்போது செவிக்குப் புலப்படாத சுருதி விலகலையும் தாளப் பிழையையும் அது மறையாது காட்டும். ஆனால் பிறர் பாடலை அதில் கேட்டு அப்படியே ஒப்பிப்பவர்க்கு, தேர்வாளர் ‘சிறிது கற்பனைச் சுரம் பாடுக’ என்று கூறியவுடன் நா எழாது.

இவற்றால் ஓர் உண்மை விளங்கும். தேர்வில் எத்திறன் சோதிக்கப்படுகிறதோ, அத்திறனைப் பொறியிடம் ஒப்படைத்தல் ஆகாது. பாட்டே சோதிக்கப்படும்போது சுருதிப் பெட்டியைக் கொள்வது முறையே. சுருதி சேர்க்கும் திறன் சோதிக்கப்படுமாயின், தம்புராவையே பல நாள் முன்னதாகக் கையாண்டு பழகுதல் வேண்டும். ஆகவே பாடத்திட்டத்தை முதலிற் படித்து, ஆசிரியரைக் கேட்டுத் தெளிந்து, அதன்பின் கருவியைத் தேர்வதே அறிவுடைமை.

மின்விசை நின்றால் பெட்டி வாய் மூடும்; கம்பி அறுந்தால் தம்புராவும் ஓயும். அவ்வேளையிலும் ஆதார சட்சம் எதுவென்று அறிந்து பாடவல்ல செவியே மாணவர் ஈட்டும் நிலையான செல்வம். அச்செவியை வளர்க்கும் கருவி எதுவோ, அதுவே நற்கருவி.