பாரம்பரியக் கோதுமையும் நோய் எதிர்ப்பாற்றலும்: ஒரு பார்வை

மலேசியாவில் கோதுமை விளைவதில்லை. ஆயினும் காலையில் ரொட்டி சானாய், மாலையில் மீ கோரெங் என்று நம் அன்றாட உணவில் அது நீங்கா இடம் பெற்றுவிட்டது. நம் தட்டுக்கு வரும் மாவு ஏதோ ஒரு நாட்டு வயலிலிருந்து கப்பலேறி வருகிறது. அந்த வயலில் நோய் புகுந்தால் நம் கடைத்தெருவிலும் விலை ஏறும். ஆகவே, இது நமக்குத் தொடர்பில்லாத பொருள் என்று ஒதுக்கிவிட இயலாது.

தாவர நோயியல் பயின்றவன் என்பதால் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் ஒரு கருத்து உண்டு. "பழைய ரகங்களுக்கு நோயே வராது, புதிய ரகங்களைக் கொண்டு வந்த பிறகுதான் எல்லாக் கேடும் வந்தது" என்பார்கள். இக்கருத்தை முழுமையாக ஏற்கவும் முடியவில்லை, தள்ளிவிடவும் முடியவில்லை. பாரம்பரியக் கோதுமை ரகங்கள் நோயை எவ்வாறு எதிர்க்கின்றன, அந்த ஆற்றல் எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதைச் சில சான்றுகளோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். கோதுமைக்கு வரும் நோய்களுள் மிகவும் அஞ்சப்படுவது துருநோய். 'பக்சினியா' என்னும் பூஞ்சை இனத்தைச் சேர்ந்த மூன்று வகைகள் தண்டுத் துரு, இலைத் துரு, மஞ்சள் துரு ஆகியவற்றை உண்டாக்குகின்றன. நோய் கண்ட செடியைத் தொட்டால் இரும்புத் துருவைப் போன்ற பொடி விரலில் ஒட்டும். அப்பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து. காற்று அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் சுமந்து செல்லும். இப்பூஞ்சை உயிருள்ள செடியில் மட்டுமே வாழக்கூடியது. செடி மாறினால் தானும் மாறிக்கொள்ளும் இயல்புடையது.

பழங்காலத்தில் இந்நோய் இல்லை என்பது சரியன்று. பண்டைய ரோமானியர் ஆண்டுதோறும் ஏப்ரல் 25-ஆம் நாள் 'ரொபிகாலியா' என்றொரு விழா எடுத்தனர். பயிரைத் துரு பற்றாமல் காக்க வேண்டி 'ரொபிகஸ்' என்னும் தெய்வத்துக்கு நாயைப் பலியிட்டு வழிபட்டனர். அன்றைய வயல்களில் இருந்தவை அனைத்தும் பாரம்பரிய ரகங்களே அல்லவா?

அப்படியானால் பழைய ரகத்தின் சிறப்பு எதில் இருக்கிறது? நாட்டு ரகம் என்பது உண்மையில் ஒரே ரகம் அன்று. உழவர் தம் விளைச்சலிலிருந்தே விதை எடுத்துத் தலைமுறை தலைமுறையாக விதைத்து வந்ததால், ஒரே வயலில் சிறிது சிறிது வேறுபட்ட பலவகைச் செடிகள் கலந்து நின்றன. ஒன்றைத் தாக்கும் துரு இனம் பக்கத்துச் செடியைத் தாக்க இயலாமல் போகலாம். வயல் முழுவதும் ஒரே நாளில் சாய்வது அதனால் தடுக்கப்பட்டது. நோய் வரும், ஆனால் எதுவுமே மிஞ்சாமல் போவது அரிது. இன்றைய வயலிலோ ஒவ்வொரு செடியும் அடுத்த செடியின் அச்சு. விளைச்சல் கூடுதல்தான், ஆனால் ஒரு செடியை வென்ற பூஞ்சை எல்லாச் செடிகளையும் வென்றதாகிறது.

இங்கே ஒரு துருக்கிக் கோதுமையின் வரலாற்றைக் கூறியாக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வரலாறு இது. 1948-இல் ஜேக் ஹார்லன் என்னும் அமெரிக்கத் தாவரவியலாளர் கிழக்குத் துருக்கியில் ஒரு கோதுமையைச் சேகரித்தார். அமெரிக்க விதைத் தொகுப்பில் அதற்கு பி.ஐ.178383 என்ற எண் கிடைத்தது; பெயர் கூடக் கிடைக்கவில்லை. உயரமாக வளரும், தண்டு மெலிந்தது, காற்றடித்தால் சாய்ந்துவிடும், குளிர் தாங்காது, ரொட்டி செய்யவும் உதவாது. இலைத் துருவுக்கும் எளிதில் இரையாகும். ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் அதை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வடமேற்கு மாநிலங்களில் மஞ்சள் துரு கடுமையாகப் பரவியது. சேமிப்பில் இருந்தவற்றைச் சோதித்தபோது, இந்தக் 'கையாலாகாத' கோதுமை மஞ்சள் துருவின் பல இனங்களை எதிர்த்து நின்றது. அதுமட்டுமன்றிக் கரிப்பூட்டை நோயின் பற்பல இனங்களையும் எதிர்த்தது. பனிக் காலத்தில் பயிரை அழுகவைக்கும் பூஞ்சையையும் ஓரளவு தாங்கியது. அதனைக் கலப்பினம் செய்து ஓரிகனில் 'மோரோ' என்னும் ரகத்தை உருவாக்கினர்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நண்பர்களின் கருத்தை நானும் ஏற்றிருப்பேன். ஆனால் மோரோ வயலுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே அதையும் தாக்கவல்ல புதிய மஞ்சள் துரு இனம் தோன்றிவிட்டது. பாரம்பரிய ரகத்திலிருந்து எடுத்த எதிர்ப்பாற்றல்தான், ஆயினும் நிலைக்கவில்லை.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள எதிர்ப்பாற்றலின் இருவேறு தன்மைகளைக் காண வேண்டும். நோய் எதிர்ப்பு மெண்டலின் விதிப்படி மரபாக வருகிறது என்பதைக் கேம்பிரிட்ஜில் ரோலண்ட் பிஃபன் 1905-இல் மஞ்சள் துருவைக் கொண்டே காட்டினார். பின்னர் 1940-களில் ஹெரால்ட் ஃபிளோர் ஆளிச் செடியின் துருவை ஆராய்ந்து, செடியின் ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவுக்கும் இணையாகப் பூஞ்சையிலும் ஒரு மரபணு உண்டு என்று நிறுவினார். எளிமையாகச் சொன்னால், செடியின் மரபணு ஒரு காவலாளியைப் போன்றது. பூஞ்சை அனுப்பும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அது அடையாளம் கண்டவுடன், தாக்கப்பட்ட உயிரணு தன்னையே மாய்த்துக்கொள்ளும். உயிருள்ள திசு இல்லாமல் பூஞ்சையும் பட்டினியால் மடியும். இலையில் துருவே தெரியாது. ஆனால் பூஞ்சை அந்த ஒரு புரதத்தை மாற்றிக்கொண்டாலோ இழந்துவிட்டாலோ காவலாளிக்கு ஆளைத் தெரியாமல் போய்விடும். மோரோவுக்கு நேர்ந்தது இதுவே. கம்பு போன்ற குளிர்நாட்டுத் தானியமான 'ரை'யிலிருந்து கோதுமைக்கு வந்த எஸ்.ஆர்.31 என்ற மரபணு உலகின் பல பகுதிகளில் பல்லாண்டுகள் தண்டுத் துருவைத் தடுத்தது. 1998-இல் உகாண்டாவில் கண்டறியப்பட்ட 'யு.ஜி.99' இனம் அதையும் முறியடித்தது.

இரண்டாம் வகை எதிர்ப்பாற்றல் வேறு. அது நோயைத் தடுத்து நிறுத்தாது, மெதுவாக்கும். இலையில் துரு தென்படும். ஆனால் கொப்புளங்கள் சிறியவை, வித்துகள் குறைவு, பரவல் தாமதம். துரு முற்றுவதற்குள் கதிர் முற்றிவிடும். எல்.ஆர்.34 என்னும் மரபணு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. (எல்.ஆர். என்பன 'இலைத் துரு' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்.) பிரேசிலின் 'ஃபிரொன்டானா' போன்ற பழைய ரகங்களின் வழியாக இது மெக்சிகோவில் நார்மன் போர்லாக்கின் கோதுமைகளுக்கு வந்தது. இலைத் துரு, மஞ்சள் துரு, சாம்பல் நோய் எனப் பலவற்றுக்கும் எதிராக ஒருசேரச் செயல்படுகிறது. நூறாண்டுக்கும் மேலாக வயல்களில் இருந்தும் இதனை முற்றாக வெல்லும் துரு இனம் தோன்றவில்லை. 2009-இல் இதன் அமைப்பு கண்டறியப்பட்டபோது, இது காவலாளி வகையே அன்று, உயிரணுவில் பொருள்களைக் கடத்தும் புரதம் என்று தெரிய வந்தது. 2013-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் வியப்பூட்டுவது: எதிர்ப்புத் தரும் இவ்வடிவம் கோதுமையின் காட்டு மூதாதைப் புல்லில் காணப்படவில்லை. ரொட்டிக் கோதுமை உருவான பிறகே, அதாவது உழவரின் வயலில்தான், இது தோன்றியிருக்க வேண்டும்.

பாகிஸ்தானின் ஒரு நாட்டு ரகத்தில் கண்டறியப்பட்ட எல்.ஆர்.67 மரபணுவும் இத்தகையதே. 2015-இல் அது சர்க்கரையைக் கடத்தும் புரதத்தின் மாறிய வடிவம் என்று தெளிவாயிற்று. இத்தகைய 'மெதுவாக்கும்' மரபணுக்கள் நான்கைந்தை ஒரே செடியில் சேர்த்தால் ஏறத்தாழ முழு எதிர்ப்பே கிடைக்கிறது என்று மெக்சிகோவிலுள்ள பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். வயலில் துளியும் துரு இருக்கக் கூடாது என்று எதிர்பார்க்கும் கண்களுக்கு இந்த இரண்டாம் வகை குறைபாடாகவே தோன்றும். பயிர்ப் பெருக்கத்தில் இவ்வாறு எத்தனையோ நல்ல செடிகள் தூக்கி எறியப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

தமிழர்களுக்கு நெருக்கமான ஒரு கோதுமையும் இவ்வரலாற்றில் உண்டு. தமிழ்நாட்டில் சம்பா கோதுமை என்று வழங்குவது உமி ஒட்டிய 'எம்மர்' இனத்தைச் சேர்ந்தது. மராட்டியத்தில் இவ்வினத்தைக் 'காப்ளி' என்பர். மின்னசோட்டாவில் ஸ்டாக்மனும் லெவினும் 1920-களில் தண்டுத் துருவின் இனங்களைப் பிரித்தறியப் பன்னிரண்டு கோதுமைகளை அளவுகோலாக வைத்தனர். அவற்றுள் ஒன்று காப்ளி. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் வாட்டர்ஹவுஸ் அதனைக் கலப்பினம் செய்து 'காப்ஸ்டைன்' என்ற ரகத்தை உருவாக்கினார். காப்ளியிலிருந்து கிடைத்தவற்றுள் எஸ்.ஆர்.13 என்னும் மரபணு யு.ஜி.99 இனத்தை எதிர்ப்பது; அதன் அமைப்பு 2017-இல் கண்டறியப்பட்டது. ஆனால் எஸ்.ஆர்.13-ஐயும் தாக்கும் வேறோர் இனம் எத்தியோப்பியாவில் உள்ளது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நீலகிரியும் பழனி மலையும் இதில் வேறொரு வகையில் இடம்பெறுகின்றன. சமவெளியின் கோடை வெயிலில் துரு தங்காது. அப்படியிருந்தும் ஆண்டுதோறும் அது எங்கிருந்து வருகிறது என்ற வினாவுக்குக் கே.சி.மேத்தா பல்லாண்டுகள் உழைத்து விடை கண்டார். குளிர்ந்த மலைகளில் ஆண்டு முழுவதும் கோதுமைச் செடி நிற்பதால் துருவும் அங்கே உயிரோடிருந்து, பருவம் வந்ததும் சமவெளிக்கு இறங்குகிறது. தென்னிந்திய, மத்திய இந்திய வயல்களுக்குத் தண்டுத் துருவின் ஊற்று இவ்விரு மலைகளே. வங்கக் கடல் புயல்கள் அவ்வித்துகளை வடக்கே தூக்கிச் செல்வதைப் பின்வந்த ஆய்வுகள் விளக்கின. எப்போதும் நோய் இருக்கும் இடம் என்பதாலேயே நீலகிரி வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் அமைந்தது. எதிர்ப்பாற்றல் உள்ள செடியைத் தேர்ந்தெடுக்க அதைவிடப் பொருத்தமான இடம் ஏது!

இனி, எஞ்சியிருக்கும் பழைய ரகங்களின் நிலை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஏ.இ.வாட்கின்ஸ் 1920-களிலும் 1930-களிலும் 32 நாடுகளிலிருந்து நாட்டுக் கோதுமைகளைத் திரட்டினார். அவற்றுள் 827 வகைகள் இன்று இங்கிலாந்தின் நார்விச்சில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்தறிந்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. அவை ஏழு மூதாதைக் குழுக்களாகப் பிரிகின்றன. இன்றைய கோதுமைகள் பெரும்பாலும் அவற்றுள் இரண்டே குழுக்களிலிருந்து வந்தவை. மற்ற ஐந்து குழுக்களில் எது எந்த நோய்க்கு உதவும் என்பதை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் பணி நடைபெற்று வருகிறது. குளிரறையில் விதை உறங்குகிறது. வெளியே பூஞ்சை உறங்குவதில்லை. விதையும் குளிரறையில் முடிவின்றி முளைப்புத் திறனுடன் இருக்காது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்து விதைத்து, அறுத்து, மீண்டும் சேமிக்க வேண்டும். துருக்கியிலிருந்து வந்த அந்த மெலிந்த கோதுமையையும் பயனில்லாத பதினைந்து ஆண்டுகளில் யாரோ அவ்வாறு எண்ணிட்டுக் காத்து வைத்திருந்தார்கள்.